ஹேமக்கில் குளிராமல் தூங்க: போர்வையை முதலில் அடியில் கட்டுங்கள்

மார்கழியிலும் தையிலும் கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் விடியற்காலை வெப்பநிலை 20, 21 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். வீட்டில் பாய் விரித்துப் படுத்தால் ஒரு பருத்திப் போர்வையோடு சமாளித்துவிடலாம். அதே இரவில் தோப்பில் இரு மரங்களுக்கு நடுவே ஹேமக் (தொங்கும் துணிப் படுக்கை) கட்டிப் படுத்தவர், மூன்று மணிக்கு முதுகும் இடுப்பும் சில்லிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். பையிலிருக்கும் இன்னொரு போர்வையையும் எடுத்து மேலே போர்த்துவார். அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே குளிர்.

குளிர் வருவது அடியிலிருந்து. தரையில் படுத்தால் உடம்புச் சூட்டில் அடியிலுள்ள தரை கொஞ்சம் சூடேறி அப்படியே நிற்கும். ஹேமக்கில் முதுகுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருப்பது மெல்லிய நைலான் துணி ஒன்றுதான். தோலின் வெப்பம் சுமார் 33 டிகிரி; அடியில் ஓடும் காற்று 21 டிகிரி. அந்தக் காற்று நிமிடத்துக்கு நிமிடம் சூட்டை வாரிக்கொண்டு போகிறது. உள்ளே கம்பளி விரித்துப் படுத்தாலும் பெரிய பயன் இருக்காது. கம்பளி சூடு காப்பது அதன் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றால்தான். உடம்பின் எடையில் நசுங்கினால் அந்தக் காற்று வெளியேறிவிடும். ஆகவே அடிக்கு வழி இரண்டுதான்: நசுங்காத ஃபோம் பாயை உள்ளே போடுவது, அல்லது பஞ்சுப் போர்வையை ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கவிடுவது. மேலே போர்த்துவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசித்தால் போதும்.

மரமும் கட்டும்

குளிரைப் பற்றிப் பேசும் இடத்தில் கட்டும் முறை எதற்கு என்று கேட்கலாம். தளர்வு சரியில்லாத ஹேமக்கில் உடம்பு நடுவில் மடங்கிவிடும். அடிப்போர்வை உடம்போடு ஒட்டாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இடுப்புக்குக் கீழே இடைவெளி விழும்.

துணி ஹேமக் 3 மீட்டருக்குக் குறையாத நீளமும் 1.4 மீட்டர் அகலமும் இருக்கட்டும், 3.3 மீட்டர் நீளம் இருந்தால் இன்னும் நல்லது. இரு முனையிலும் மரக்கட்டை வைத்த வலை ஹேமக் பகல் தூக்கத்துக்குச் சரி, இரவுக்கு வேண்டாம். வலை வழியே காற்று நேராக உடம்பில் அடிக்கும், புரண்டால் கவிழ்த்தும் விடும். பழைய புடவையில் கட்டிய தூளி குழந்தைக்குத்தான். நைந்த துணி பெரியவர் எடையில் நடுராத்திரி கிழியும்.

மரங்களுக்கு நடுவே 12 முதல் 15 அடி வரை இடைவெளி தேவை. ஹேமக்கைத் தாங்கும் நாடாப் பட்டையை இரு மரத்திலும் தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தரை அடி உயரத்தில் சுற்றுங்கள். பட்டை ஓர் அங்குல அகலமாவது இருக்க வேண்டும், பாலியஸ்டரில் இருக்க வேண்டும். நைலான் பட்டை பனியில் நனைந்தால் நீளும். பத்து மணிக்கு முழங்கால் உயரத்தில் படுத்தவர் விடியும்போது தரையைத் தொட்டுக்கொண்டு கிடப்பார். வெறும் கயிறு மரப்பட்டையை அறுக்கும்.

பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இறங்கட்டும். அந்தச் சரிவில் 70 கிலோ உள்ளவர் படுத்தால் ஒவ்வொரு பட்டையிலும் விழும் இழுவை ஏறக்குறைய அதே 70 கிலோதான். விறைப்பாக இழுத்துக் கட்டிச் சரிவு 10 டிகிரி ஆனால் அது 200 கிலோவாகிவிடும். முடிச்சும் மரமும் சேர்ந்து சோதிக்கப்படும். ஒவ்வொரு முறையும் கண்ணளவில் பார்க்க வேண்டாமென்றால், ஹேமக்கின் இரு முனைகளையும் இணைத்து மேலே ஒரு நீளாத கயிறு கட்டிவிடுங்கள். அதன் நீளம் ஹேமக் நீளத்தில் 83 சதவீதம்: 3.3 மீட்டர் ஹேமக்குக்கு 2.74 மீட்டர். ஒருமுறை அளந்து கட்டிவிட்டால் எந்தத் தோப்பில் கட்டினாலும் தளர்வு மாறாது. படுத்த பிறகு இடுப்பு தரையிலிருந்து 45 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது.

மரம் தேர்வதில் நம் பகுதிக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. தென்னைக்கும் பனைக்கும் கீழே ஒருபோதும் கட்டாதீர்கள். காயும் மட்டையும் நேரம் பார்த்து விழுவதில்லை. முருங்கை முறியும். வெட்டுக்கு நிற்கும் இளம் சவுக்கு பெரும்பாலும் கை மொத்தம்தான் இருக்கும். வளைந்து ஹேமக்கைக் கீழே இறக்கும். தொடை மொத்தத்துக்குக் குறைந்த எந்த மரமும் வேண்டாம். வேம்பு, புளி, மா, புங்கன் நல்லவை. முந்திரித் தோப்பில் தாழ்ந்து படரும் கிளையை விட்டுவிட்டு அடிமரத்தில் கட்டுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயல் ஏராளமான முந்திரி, பலா மரங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தது. நின்றுகொண்டிருக்கும் பழைய மரங்களிலும் பிளவுபட்ட கிளை, பட்டுப்போன கொம்பு இருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே அண்ணாந்து பாருங்கள்.

தோப்புக்காரரிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவு தங்கக் கூடாது.

முதல் வழி: ஃபோம் பாய்

புதிதாகத் தொடங்குகிறவர் இதில் தொடங்குவதே நல்லது. செலவு குறைவு, ஈரம் குடிக்காது, தவறு செய்ய இடமும் குறைவு. 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள மூடிய துளை ஃபோம், அதாவது ஈரம் உறிஞ்சாத வகை, வேண்டும். ஏசி வேலைக்கும் கூரைக்கும் விற்கும் எக்ஸ்எல்பிஇ என்ற ஃபோம் ஷீட் மீட்டர் கணக்கில் கிடைக்கும், அதுவே போதும். பிவிசி யோகா பாய் கனமாக இருக்கும், சூடு காக்காது. காற்று ஊதும் மெத்தையும் வேண்டாம்: உள்ளே காற்று சுழன்று சூட்டைக் கீழே இறக்கிவிடும், வளைந்த துணியில் நிற்காமல் உருளும்.

யோகா பாய் போல இரண்டடி அகலத்தில் ஒரே துண்டாக வெட்டினால் தோள் இரண்டும் பாய்க்கு வெளியே நிற்கும். ஹேமக் துணி பக்கவாட்டில் ஏறி உடம்பைச் சுற்றிக்கொள்வதால், தோளும் முழங்கையும் துணியை அழுத்தும் இடத்திலும் ஃபோம் வேண்டும். இரண்டடி அகலம், ஆறடி நீளத்தில் ஒரு துண்டும், 50 சென்டிமீட்டருக்கு 100 சென்டிமீட்டர் அளவில் இன்னொரு துண்டும் வெட்டுங்கள். நீளத் துண்டைத் தலையிலிருந்து கால் வரை, சிறியதைத் தோளுக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். இரண்டும் நழுவாமல் இருக்க ஒரு பழைய பருத்தி உறைக்குள் திணித்துவிடுங்கள். இரண்டு அடுக்குத் துணியுள்ள ஹேமக் என்றால் அடுக்குகளுக்கு நடுவில் செருகலாம். பாய் இரவு முழுக்க அங்கேயே இருக்கும்.

ஃபோம் வியர்வையை வெளியே விடாது. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். பாயின் மேல் ஒரு பருத்தி விரிப்புப் போடாவிட்டால், நான்கு மணிக்கு முதுகு நசநசவென்று ஈரமாகி அந்த ஈரத்தாலேயே குளிரும்.

படுக்கும்போது நேராகப் படுக்காதீர்கள். தலையை நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் தள்ளி, 10, 15 டிகிரி சாய்வாகப் படுத்தால் முதுகு தட்டையாகும். பாயையும் அந்தச் சாய்விலேயே போடுங்கள்.

இரண்டாம் வழி: அடிப்போர்வை

மலைக்குப் போக எண்ணம் இருந்தால் இதைக் கற்றே ஆக வேண்டும். ஆன்லைனில் அண்டர்குவில்ட் என்று விற்கிறார்கள், விலை அதிகம். ஒற்றைக் கட்டில் அளவுள்ள பாலியஸ்டர் பஞ்சு ரஜாயில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பஞ்சு ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 250 கிராம் இருந்தால் 13, 14 டிகிரி வரை தாங்கும். வாத்து இறகு நிரப்பியது எடை குறைவு, சூடு அதிகம், ஆனால் கடற்கரை ஈரத்தில் கட்டி தட்டிவிடும். இங்கே பாலியஸ்டரே மேல்.

தைக்கத் தேவையில்லாத முறை இது:

1. ரஜாயை 200 சென்டிமீட்டர் நீளம், 130 சென்டிமீட்டர் அகலம் வரும்படி ஓரங்களை மடித்து ஊசிநூலால் நான்கைந்து இடத்தில் பிடித்துவிடுங்கள்.

2. நான்கு மூலைகளிலும், நீளப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்றிலும் நெல்லிக்காய் அளவுக் கூழாங்கல்லைத் துணிக்குள் வைத்து, கல்லைச் சுற்றிக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். களத்துமேட்டில் தார்ப்பாய்க்குக் காது போடும் அதே வேலைதான். மொத்தம் ஆறு காது. கூர்மையான கல் துணியைக் கிழிக்கும், உருண்டையானதாகப் பார்த்து எடுங்கள்.

3. தலைப்பக்க மூலைகள் இரண்டையும் இரண்டு முழ எலாஸ்டிக் கயிற்றால் இணைத்து, அதன் நடுவை ஹேமக்கின் தலைமுனை வளையத்தில் மாட்டுங்கள். கால்பக்கமும் அப்படியே. 3, 4 மில்லிமீட்டர் எலாஸ்டிக் போதும். பைக்கில் மூட்டை கட்டும் கொக்கி ரப்பர் கயிறு ரொம்ப விறைப்பு. போர்வையை இழுத்துத் தட்டையாக்கிவிடும்.

4. நடுக்காதுகள் இரண்டையும் மேலே ஓடும் அளவுக் கயிற்றில் தனித்தனி எலாஸ்டிக்கால் தொங்கவிடுங்கள். பக்கவாட்டுத் தொய்வு இதில்தான் நிற்கும்.

5. தலைப்பக்க, கால்பக்க ஓரங்களில் ஒரு நாடா கோத்துச் சுருக்குங்கள். 130 சென்டிமீட்டர் ஓரம் 60 சென்டிமீட்டராகக் குறுகி ஹேமக் துணியோடு ஒட்ட வேண்டும். தையல்காரரிடம் கொடுத்தால் நாடா ஓட ஓரத்தை மடித்து அடித்துத் தருவார்.

இனி சரிபார்ப்பு. இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அடிப்போர்வை பயனில்லை என்று சொல்கிறார்கள். நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். கூட வந்தவர் பக்கவாட்டிலிருந்து ஹேமக்குக்கும் போர்வைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைக்கட்டும். கையின் இரு புறமும் துணி உரச வேண்டும்; ஆனால் கையை நகர்த்தச் சிரமம் இருக்கக் கூடாது. கை காற்றில் ஆடினால் இடைவெளி இருக்கிறது, எலாஸ்டிக்கை இறுக்குங்கள். கை இறுக்கமாகச் சிக்கினால் பஞ்சு நசுங்குகிறது, தளர்த்துங்கள். தனியாக வந்தவர் படுத்தபடி பத்து நிமிடம் காத்திருக்கலாம். எந்த இடத்தில் சில்லென்று ஒரு கோடு ஓடுகிறதோ அங்கே இடைவெளி. பெரும்பாலும் அது இடுப்புக்குக் கீழேயோ, வலது அல்லது இடது தோள் ஓரத்திலோ இருக்கும். தோள் ஓரத்தில் என்றால் சாய்வாகப் படுத்ததற்கு ஏற்றபடி போர்வை நகரவில்லை; முழுப் போர்வையையும் நடுக்கோட்டிலிருந்து உங்கள் தலை தள்ளியிருக்கும் பக்கமாக ஒரு சாண் தள்ளுங்கள்.

நெடுநேரம் சரியாக இருந்து நடுராத்திரி திடீரென்று குளிர்ந்தால், போர்வை கால்பக்கம் வழுக்கியிருக்கும். தலைப்பக்க எலாஸ்டிக்கை வளையத்தில் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிவிட்டால் வழுக்காது.

ஸ்லீப்பிங் பேக் கையில் இருக்கிறவர் அதையே பயன்படுத்தலாம். காலடி ஜிப்பும் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். முழு ஹேமக்கும் பைக்குள் போகும்படி ஒரு முனையை உள்ளே விட்டு மறுமுனையில் எடுத்துவிடுங்கள். கீழ்ப்பாதி அடிப்போர்வை, மேல்பாதி மேல்போர்வை. உள்ளே ஏறுவது சிரமம்தான், ஆனால் காற்று புக இடமே இருக்காது.

காற்றும் பனியும்

மழை இல்லாவிட்டாலும் தார்ப்பாய் கட்டுங்கள். மேகமில்லாத தை மாத இரவில் திறந்த வானம் போர்வையின் சூட்டையும் இழுக்கும். விடியும்போது மேல்போர்வை பனியில் நனைந்து கனக்கும். 12 அடிக்கு 10 அடி, 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 90 கிராம்) சில்பாலின் தார்ப்பாய் ஒரு கிலோ எடைதான் இருக்கும். 12 அடிப் பக்கம் ஹேமக்கின் நீளத்துக்கு இணையாக வர வேண்டும். அப்போது இரு முனையிலும் ஒரு சாணாவது கூரை நீட்டிக்கொண்டிருக்கும். கடலூர் துறைமுகத்தில் வலை, கயிறு விற்கும் கடைகளில் கட்டுக்கயிறு மலிவு.

காற்று எந்தப் பக்கம் என்று மாலையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகலில் கடலிலிருந்து வரும் காற்று இரவில் திரும்பும். விடியற்காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். வாடை அடிக்கும் நாளில் வடக்கிலிருந்தும் வரும். ஆகவே தார்ப்பாயின் வடக்கு, மேற்குப் பக்கச் சரிவைத் தரைக்கு ஒரு சாண் உயரம் வரை இறக்கிக் கட்டுங்கள். மறுபக்கத்தைத் தூக்கி விடுங்கள். காற்று ஹேமக்கின் நீளப்பக்கத்தில் மோதும்படி இருந்தால் இந்தச் சரிவே சுவராக நிற்கும். தலைமுனையிலிருந்து கால்முனைக்குக் காற்று ஓடும்படி கட்டினால் அடிப்போர்வைக்குள் புகுந்து நீளம் முழுக்க ஓடிவிடும்.

நான்கு பக்கமும் அடைத்துவிடவும் கூடாது. மூச்சில் வரும் ஈரம் வெளியேற வழியில்லாமல் தார்ப்பாயின் உட்புறத்தில் சொட்டாகும். அதே காரணத்துக்காகப் போர்வைக்குள் முகத்தைப் புதைக்காதீர்கள். மங்கி கேப் போட்டு மூக்கை வெளியே விடுங்கள்.

மழை வரும்போது மரத்தில் வழியும் தண்ணீர் பட்டை வழியாக ஹேமக்குக்குள் வரும். தார்ப்பாய்க்கு அடியில் இரு பட்டையிலும் ஒரு முழ நூல்கயிறு கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அந்த நூலில் இறங்கிச் சொட்டிவிடும்.

கொசுவலை கட்டாயம். மார்கழிக் கொசு ஹேமக் துணியை ஊடுருவி முதுகில் கடிக்கும். அடிப்போர்வை அதையும் தடுக்கும். ஃபோம் பாய்க்காரர்கள் தோள் ஓரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பு

பகலில் போட்ட சட்டையோடு படுக்காதீர்கள். அதில் வியர்வை இருக்கும். உலர்ந்த முழுக்கை பனியனும் பேண்ட்டும், கம்பளி காலுறையும் படுக்க மட்டும் தனியாகப் பையில் வைத்திருங்கள். குளிரத் தொடங்கிய பிறகு போடுவதைவிட, படுக்கும் முன் ஐந்து நிமிடம் நடந்து சூடேறிவிட்டு ஏறுவது பலன் தரும். போர்வை சூட்டை உண்டாக்காது. இருக்கும் சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

இரவுச் சாப்பாட்டில் எண்ணெய்ப் பசையுள்ளது ஏதாவது இருக்கட்டும். வேர்க்கடலை உருண்டை இரண்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு நடுவில் விழித்தால் தின்னுங்கள். மது சூடு தரும் என்பது தவறு. தோலுக்கு அருகிலுள்ள ரத்தக் குழாய்கள் விரிவதால் சூடாக இருப்பதுபோல் தோன்றும். உள்ளே உள்ள சூடு வேகமாக வெளியேறும். மலையில் அது ஆபத்து.

ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, மூடி கசியவில்லை என்று தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, இரண்டு காலுறைக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வையுங்கள். மணிக்கணக்கில் சூடு தரும். பிளாஸ்க் உதவாது, அது சூட்டை வெளியே விடாது. குடிநீர் பிளாஸ்டிக் பாட்டில் சுடுதண்ணீரில் சுருங்கிக் கசியும்.

ஹேமக்குக்கு அடியில் கரி அடுப்போ கணப்போ வைக்கவே கூடாது. நைலான் உருகும். தார்ப்பாய்க்குள் தேங்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழ மாட்டார்.

சிறுநீர் வந்தால் அடக்கிக்கொண்டு படுக்காதீர்கள், தூக்கமும் கெடும். டார்ச்சை மேல்கயிற்றில் மாட்டிவையுங்கள். காலைக் கீழே வைக்கும் முன் தரையைப் பாருங்கள், செருப்பைக் கவிழ்த்துத் தட்டுங்கள். முந்திரிச் சருகில் விரியன் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

மலைக்கு எப்போது

கரையோரத்தில் 20 டிகிரியில் நான்கு மணி முதல் ஆறு மணி வரை குளிராமல் தூங்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். அந்த இரண்டு மணி நேரம்தான் பரீட்சை. பத்து மணிக்கு இதமாக இருந்தது என்பது கணக்கில் வராது. இங்கே சறுக்கினால் வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் ஜனவரி இரவு 13 டிகிரிக்கு அருகில் இருக்கும்: மேலே சொன்ன ரஜாய் அடிப்போர்வையும், மேலே அதே கனத்தில் இன்னொன்றும் போதும். கல்வராயன் மலைக்கும் அதுவே. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரம் கட்ட ஏற்றது. யூக்கலிப்டஸ் திடீரென்று கிளை உதிர்க்கும், தவிருங்கள். கொடைக்கானலில் 8 டிகிரி வரை எதிர்பார்த்து, அடியில் ரஜாய் இரண்டு அடுக்கும் உள்ளே ஃபோம் பாயும் வையுங்கள். பாய் ஒரு காப்பு: அடிப்போர்வை வழுக்கினாலும் விடியும்வரை தாக்குப்பிடிக்கலாம். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். கொடைக்கானல் குளிரைத் தாண்டாதவர்கள் அங்கே ஹேமக் கட்ட வேண்டாம். போக நேர்ந்தால் கூடாரத்துக்கு இடமுள்ள ஏற்பாட்டோடு போங்கள்.

காலையில் இறங்கியதும் போர்வைகளைச் சுருட்டிப் பையில் திணிக்காமல், வெயில் ஏறும்வரை கயிற்றில் விரித்துப் போடுங்கள். ஒரு இரவு ஈரம் உள்ளே இருக்கும்; அப்படியே கட்டினால் அடுத்த இரவு பாதிச் சூடுதான் தரும், பூஞ்சையும் பிடிக்கும். வீட்டில் ரஜாயை அமுக்கி மூட்டை கட்டாதீர்கள். பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு, தரையில் வைக்காமல் ஆணியில் மாட்டுங்கள்.